அந்த இரண்டரை டாலர் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க நீதிமன்றங்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: பீநட் பட்டர் வேறு ரகமாக வந்துவிட்டது என்றெல்லாம் கைதிகள் சிவில் உரிமை வழக்குப் போடுகிறார்கள், நீதிபதிகள் பாவம், தள்ளுபடி செய்யாமல் என்ன செய்வார்கள் என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இது 1995-ல் சில மாநில அட்டர்னி ஜெனரல்கள் பரப்பிய கதை. அப்போது நியூயார்க்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் நியூமன் வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்து, நடந்தது வேறு என்று எழுதினார். கைதி தவறான ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் அதற்காகச் சிறைக் கணக்கில் பிடித்த இரண்டரை டாலர் திரும்பி வரவில்லை, அதற்குத்தான் வழக்கு. இரண்டரை டாலர்தானே என்று நமக்குத் தோன்றும். டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் சிறையில் வேலை செய்தால் பெரும்பாலும் கூலியே கிடையாது.

ஆனால் கதைதான் ஜெயித்தது. 1996-ல் கைதிகள் வழக்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்துவிட்டது. மூன்று வழக்குகள் அற்பமானவை என்றோ முகாந்திரம் இல்லை என்றோ தள்ளுபடியானால், அடுத்த வழக்குக்கு முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், இன்றைக்கு அது 405 டாலர். உடனடி உடல் ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு.

நான் இங்கே ஒரு இலவசச் சட்ட உதவி மையத்தில் வார இறுதிகளில் கைதிகளின் கடிதங்களைப் படித்துப் பிரித்துக் கொடுக்கிறேன். இன்சுலின் நேரத்துக்குத் தரவில்லை என்று ஒருவர் பென்சிலால் எழுதிப் போட்ட வழக்கில், எந்தக் காவலர் என்ன செய்தார் என்று தெளிவாக இல்லை, திருத்தி எழுது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவு போய்ச் சேருவதற்குள் அவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், கெடு முடிந்தது, வழக்கும் முடிந்தது. இதையும் நீங்கள் வேலையற்றவன் வழக்கு என்றுதான் எழுதுவீர்களா?

வெட்டி வழக்குகளே இல்லை என்று நான் சொல்லவில்லை, நானே நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் தோற்கிற வழக்கெல்லாம் அற்பமானது ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றமே 1989-ல் சொல்லிவிட்டது. அர்கன்சாஸில் ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி வைக்க அனுமதி கேட்டதை முகாந்திரம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் தள்ளியது. அவர் கையால் எழுதி அனுப்பிய மனுவை எடுத்துக்கொண்டு, 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். கைதிகளின் சிவில் உரிமை வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையான சட்டம், 1871-ல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை அடக்கக் கொண்டுவந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு, சூடான காபி கொட்டி வெந்துபோன ஒரு அம்மா மெக்டொனால்ட்ஸ் மேல் போட்ட வழக்கையும் இப்படித்தான் சிரிப்புத் துணுக்காகப் போட்டீர்கள். அந்த அம்மாவுக்கு 79 வயது, தோல் ஒட்டுச் சிகிச்சை செய்யும் அளவுக்குத் தீக்காயம், முதலில் அவர் கேட்டது 20,000 டாலர்தான். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை.

பீநட் பட்டர் வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்