தம்பிக்கு: அது மறுபடியும் உறுமியது

தம்பி,

நேற்று சாயங்காலம் நம் நாய் உறுமியது. என்னைப் பார்த்துத்தான். காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி இருந்தது, எடுத்துவிடலாம் என்று கை வைத்தேன். எங்கோ தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி தொண்டைக்குள்ளே ஒரு சத்தம். உடனே கையை எடுத்துக்கொண்டேன். "சரி, வேணாம்" என்றேன். அவ்வளவுதான். அப்புறம் துணி வெட்டுகிற மேஜைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உண்ணி இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஜனவரிக்குப் பிறகு அது ஒரு தடவைகூட உறுமவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கு, சாப்பிடுது" என்றேன். சாப்பிட்டது உண்மைதான்.

இந்தப் பக்கத்துக்கு ப்ளவுஸ் கட்டிங் பார்க்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் படகுக் கழுத்து போடுகிறேன். இந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. பிப்ரவரியில் இதே பக்கத்தில் நான் ஒன்று எழுதினேன். "வெள்ளத்தில் ஒரு நாயைத் தூக்கிவந்து, அதை அடித்துக் கெடுத்து, என் தலையில் கட்டிவிட்டு என் தம்பி சிங்கப்பூர் போய்விட்டான்" என்று. கீழே எண்பது பேர் உன்னைத் திட்டினார்கள். நான் அவர்களுக்கெல்லாம் கைகூப்பும் பொம்மை போட்டுக்கொண்டிருந்தேன். பொய்யை எங்கே எழுதினேனோ அங்கேதானே திருத்த வேண்டும்.

இன்று டிசம்பர் 2. 2024-இல் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்ட நாள். பெண்ணையாறு ஊருக்குள் வந்த கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நாணமேடு வரை போனவன் நீ. நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அப்பா சொன்னதையும், நான் சொன்னதையும் இங்கே எழுதப் போவதில்லை. நான் சொன்னது தப்பு. அப்பா சொன்னது அவ்வளவு தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்கேலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

என் மர ஸ்கேல். அம்மா காலத்தில் இருந்து இருக்கிறதே, முனையில் பித்தளைத் தகடு வைத்தது. முதல் தடவை அது உறுமியது, சாப்பாட்டுத் தட்டை நீ நகர்த்தியபோது. இரண்டாவது, மெஷினுக்கு அடியில் இருந்து அதைக் கழுத்தைப் பிடித்து இழுத்தபோது. அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். எனக்கு மானம் போயிற்று. "பாத்துட்டு நிக்கிறியே, ஒண்ணு வையிடா, இல்லன்னா இதுவே பழகிடும்" என்று சொன்னது நான். ஸ்கேலை எடுத்து உன் கையில் கொடுத்ததும் நான். நீ தயங்கினாய். மெதுவாகத்தான் போட்டாய். "நல்லா போடுடா" என்றேன். இதை பிப்ரவரியில் எழுதவில்லை.

நாலு தடவை உறுமியது. மூன்று தடவை அடி வாங்கியது. ஐந்தாவது தடவை அது உறுமவில்லை.

அந்த நாளைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. பொங்கல் முடிந்த வாரம், ஹாலில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். தெருவில் காஸ் சிலிண்டரை உருட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சத்தத்துக்கே அது மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ இரும்புக் கேட்டை அறைந்து சாத்தினார்கள். அப்புறம் ஒரு பட்டன் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க ஒரு சின்னக் கை மேஜைக்கு அடியில் போயிற்று. யாருடைய கை என்று நான் எழுதமாட்டேன். அந்த வீட்டார் இதைப் படிக்கிறார்கள். இன்றுவரை நம்மை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதவர்கள். அவர்கள் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சத்தமே இல்லை, தம்பி. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாய் கடித்ததென்றால் முன்னால் குரைத்திருக்கும், பல்லைக் காட்டியிருக்கும் என்றுதானே எல்லோரும் நினைப்போம். நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன், என் ஊசி நிற்கக்கூட இல்லை. குழந்தை அழுத பிறகுதான் தெரிந்தது.

அன்று நீ ஒன்றைச் சரியாகச் செய்தாய். பக்கத்தில் ஒருவர் சுண்ணாம்பு கொண்டுவந்தார், இன்னொருவர் மிளகாய்த்தூள் என்றார். நீ யாரையும் கிட்டே விடாமல் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினாய், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியே ஒரு மருந்து போட்டார்கள். அப்புறம் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்துத் தடுப்பூசி. அப்பா மட்டும் கடைசிவரை "தொப்புளைச் சுத்திப் பதினாலு போடணுமே" என்று புலம்பிக்கொண்டிருந்தார். நாய்க்கு நீ டிசம்பரிலேயே ஊசி போட்டிருந்தாய். அதை நம்பி யாரும் சும்மா இருக்கவில்லை, அதுவும் சரிதான்.

நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பதினோராவது நாள் நீ விமானம் ஏறினாய். டிக்கெட் முன்னாடியே போட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து மாதமாக அதைச் சொல்லிக் காட்டுகிறேன். இப்போதும் சொல்லிக் காட்டுகிறேன்.

மாடிப்படிக்கு அடியில் அதைக் கட்டியிருந்தோமே, அந்தப் பத்து நாளில் ஒரு முறையாவது நீ அதன் பக்கம் போய் உட்கார்ந்தாயா? நானும் உட்காரவில்லை. தட்டைக் குச்சியால் தள்ளிவிட்டேன். உட்கார்ந்தது நீ போன பிறகுதான். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் "எங்கேயாவது விட்டுடுங்க" என்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர், "இது உறுமுமா?" என்று கேட்டார். "இல்ல சார், அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டோம்" என்றேன், பெருமையாக. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அது 'கிட்ட வராதே'ன்னு சொல்ற ஒரே வார்த்தை அதும்மா. வார்த்தையை நிறுத்திட்டீங்க. பயம் அப்படியேதான் இருக்கு" என்றார்.

உறுமலுக்கு முன்னாலும் அது பேசுகிறதாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லாதபோதும் உதட்டை நக்கும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். அப்புறம் உடம்பு அப்படியே மரம் மாதிரி நின்றுவிடும். இதையெல்லாம் நாம் பார்த்திருக்கிறோம். கொட்டாவியை நீ வீடியோ எடுத்து "சோம்பேறி" என்று ஸ்டேட்டஸ் வைத்தாய். அந்த வீடியோவை இப்போது போட்டுப் பார், பின்னால் என் கை ஸ்கேலோடு போய் வருவது தெரியும்.

சிலிண்டர், கேட், பட்டன் மூன்றுக்கும் உள்ள கணக்கும் அப்புறம்தான் புரிந்தது. ஒரு பயம் இறங்குவதற்குள் இன்னொன்று ஏறுகிறது. ஒரே இடத்தில் தையல் பிரித்துப் பிரித்துப் போட்டால் கடைசியில் சாதாரண ஊசிக்கே துணி கிழியுமே, அப்படி. கடைசியாக வந்தவர்மேல் பழி விழும். அந்தச் சின்னக் கை ஒரு தப்பும் செய்யவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்டாயே, பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் பக்கம் போவதை நிறுத்தினேன். படிக்கட்டில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொக்கி தைப்பேன். அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி, எனக்கும் அதற்கும் நடுவில் போடாமல், அதற்குப் பின்னால் போடுவேன். என்னைத் தேடி வந்தால்தான் சோறு என்றால், பயத்தை விழுங்கிக்கொண்டு வந்து, தின்று முடித்ததும் "ஐயோ, இவ்வளவு கிட்ட வந்துட்டோமே" என்று கடிக்கும். விலகிப் போனாலும் கிடைக்கும் என்றால் தைரியம் வருகிறது. மூன்று வாரம் கழித்து என் முதுகில் ஈரமாக ஒன்று பட்டது. மூக்கு. நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், திரும்பினால் அழுதுவிடுவேன் என்பது வேறு.

ஸ்கேலைப் பரணில் போட்டேன். ஆனால் இஞ்ச் டேப்பை என்ன செய்வது? கழுத்தில் டேப் தொங்குவதைப் பார்த்தாலே அது சிறுநீர் கழித்துவிடும். நீளமாக எது இருந்தாலும் அடிதான் என்று அதற்கு முடிவாகிவிட்டது. டேப் இல்லாமல் நான் எப்படிப் பிழைப்பது? டேப்பைச் சுருட்டி அறையின் அந்தக் கோடியில் வைத்தேன். அது பார்த்ததும் ஈரல். அவ்வளவு தூரத்தில் சாப்பிட்டது. இரண்டடி கிட்டே வைத்தால் ஈரலைத் தொடவில்லை, மறுபடி தூரம். நாற்பது நாள், தம்பி. அந்த நாற்பது நாளும் வருகிறவர்களிடம் அளவு ப்ளவுஸ் கேட்டு வாங்கித் தைத்தேன். கொண்டுவராதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். சித்திரையில் இரண்டு கல்யாண ஆர்டர் போயிற்று. அதில் ஒன்று நீ நினைக்கிற வீடுதான். நீ அனுப்பிய பணத்தில் அதைச் சரிக்கட்டினேன் என்று எழுதத்தான் ஆசை. சரிக்கட்டவில்லை, அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி உத்தரவு போட்டு, 22-ஆம் தேதி திருத்தியும் சொன்னதே, அந்த நாட்களில் நம் தெருவில் எல்லோரும் வக்கீல். ஆக்ரோஷமான நாயைத் திரும்ப விடக் கூடாது என்ற ஒரே ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்ட இரண்டு பேர் வந்தார்கள். காபி கொடுத்து அனுப்பினேன். இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

தீபாவளி இரவு அது குளியலறையில் வாளிக்குப் பின்னால். ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, மெஷினை வாசலருகே இழுத்துப்போட்டு, வெட்டுத்துணியில் விடிய விடியக் கோடு கோடாகத் தைத்தேன். மெஷின் சத்தம் ஒன்றுதான் அதற்கு நம்பிக்கையான சத்தம். மணி இரண்டுக்கு நீ வீடியோவில் வந்தாய். "அக்கா, காட்டேன்" என்றாய். உன் குரல் கேட்டதும் அது எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. நான் போனைக் கவிழ்த்துவிட்டு "சிக்னல் இல்லை" என்றேன். சிக்னல் இருந்தது. உனக்கு அதைக் காட்ட மனசு வரவில்லை. உன்மேல் கோபத்திலா பாவத்திலா என்று அப்போதும் தெரியவில்லை. தண்ணீரில் இருந்து தூக்கியவனும் நீதான் என்பதை அதற்குச் சொல்ல ஒரு வழி இருந்தால் சொல்லியிருப்பேன்.

போன வாரம் எழுதியிருந்தாய். பொங்கலுக்கு வருகிறாய், நெய்வேலியில் உன் நண்பன் தோட்டம் இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம், எனக்கும் பாரம் குறையும் என்று. நல்ல மனதோடுதான் எழுதினாய். பதில் இதுதான்: அது எங்கும் போகாது. எனக்கு அது பாரம்தான், நீ சொன்னதில் தப்பில்லை. ஆனால் இன்னொரு வீட்டில், இன்னொரு சத்தத்தில், முதல் நாளில் இருந்து அது ஆரம்பிக்க முடியாது. என்னாலும் முடியாது.

நீ வா. ஆனால் சொல்கிற மாதிரி வா.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் செய். பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வராதே, தூக்கிக்கொண்டு வா. பெல்ட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடு. அதன் பெயரைக் கூப்பிடாதே. பழைய பெயரை நாம் திட்டுவதற்கே பயன்படுத்திவிட்டோம், மாற்றிவிட்டேன். புதுப் பெயர் என்ன என்று இங்கே போடமாட்டேன், நீ வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாய். கண்ணைப் பார்க்காதே, குனியாதே, கையை நீட்டாதே. அதன் மூக்குக்கு முன்னால் யாராவது கை நீட்டி "மோந்து பாரு" என்றால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. பக்கவாட்டில் திரும்பி உட்கார். ஈரல் நான் அவித்து வைக்கிறேன். அதற்கு வாய்க்கூடு போட்டிருப்பேன், பார்த்துப் பதறாதே. தயிரைத் தடவித் தடவிப் பழக்கியது, அதுவே மூக்கை உள்ளே விடும். குழந்தைகள் யார் வந்தாலும் அது உள்ளறையில்தான், கதவு சாத்தி. அதில் மாற்றமே இல்லை.

உறுமும். உறுமினால் நின்ற இடத்தில் நின்று இரண்டடி பின்னால் போ. அப்பா பின்னால் இருந்து ஏதாவது சொல்வார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

முதல் நாள் நீ உள்ளே வர முடியாமல் போகலாம், இரண்டாம் நாளும். திண்ணையில் பாயும் தலையணையும் போட்டு வைக்கிறேன். அந்த நேரம் பனி இருக்கும், கம்பளி ஒன்று எடுத்துக்கொண்டு வா, இங்கே இருந்த இரண்டையும் அது கடித்துவிட்டது.

அக்கா