கிராம்பியன்ஸுக்குப் பேருந்து விடும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்னில் ஆண்டுதோறும் கிராம்பியன்ஸ் மலைக்குச் சுற்றுலா நடத்தும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பேருந்து பேசுவது, பணம் வசூலிப்பது, முந்தின இரவு கண்விழித்துப் புளியோதரை கட்டுவது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவது என்று எல்லாமே நீங்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. அது தெரிந்துதான் இதை எழுதுகிறேன். இந்தப் பயணத்தின் திட்டத்தை மாற்றுங்கள். ஒரே நாளில் நாலைந்து இடம் காட்டுவதை விட்டுவிட்டு, ஒரு பாதையை முழுசாக நடக்க வையுங்கள்.

அந்த மலையடிவார ஊரான ஹால்ஸ் கேப் மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். போக மூன்று மணி, வர மூன்று மணி, நடுவில் பல்லாரட்டில் ஒரு டீ. மிச்சமிருக்கும் பொழுதில் பொரோக்கா, ரீட் லுக்அவுட் என்ற இரண்டு காட்சி முனைகள், மெக்கன்சி அருவி, சாப்பாடு, கங்காரு. பொரோக்காவில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கைப்பிடிக் கம்பி வரைக்கும் போவதுதான் அன்றைய நடை. படம் எடுத்து முடிப்பதற்குள் "ஏறுங்க, ஏறுங்க" என்று குரல் வந்துவிடும்.

இந்த அவசரம் மெக்கன்சி அருவியில் ஆபத்தாகவே மாறிவிடுகிறது. கீழே இறங்கும் பாதையில் இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. செங்குத்து, பல இடங்களில் ஈரம். இறங்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான், சேலையும் ரப்பர் செருப்புமாக வந்த ஒரு அம்மா பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எத்தனை படி என்று அண்ணாந்து பார்ப்பார். அவருக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்றால் பாட்டில் மேலே பேருந்தில் இருக்கும். கீழே இருக்கும் குளத்தைப் பார்த்தால் குற்றாலம் மாதிரி இறங்கிக் குளிக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கே நீந்தத் தடை. முன்பு இறங்கியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இதைப் பேருந்திலேயே மைக்கில் தமிழில் சொல்ல உங்களால் முடியும். சொல்லுங்கள்.

சரி, எந்தப் பாதை என்று கேட்பீர்கள். என் ஓட்டு பினாக்கிள் என்ற உச்சிக்கு. வொண்டர்லேண்ட் கார் பார்க்கிங்கிலிருந்து போய்வர நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும். கிராண்ட் கேன்யன் என்று ஒரு பாறைப் பிளவு ஆரம்பத்திலேயே வந்துவிடும். இரண்டு பக்கமும் மணற்கல் சுவர்கள் அடுக்கடுக்காக எழுந்து நிற்க, நடுவில் கல்படியும் இரும்புக் கம்பியுமாக ஏற வேண்டும். அப்புறம் சைலன்ட் ஸ்ட்ரீட். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பிப் போக வேண்டிய அளவுக்கு ஒடுங்கிய சந்து. எத்தனை வாயாடிப் பிள்ளையும் அதற்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திவிடும். உச்சியில் வேலியிட்ட முனையில் நின்றால் காலடியில் ஹால்ஸ் கேப், தெற்கே பெல்ஃபீல்ட் ஏரி. பொரோக்காவில் தெரிவதும் ஏறக்குறைய இதே பள்ளத்தாக்குதான். ஆனால் ஏறி வந்தவர்கள் படம் எடுத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை, உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எல்லோராலும் ஏற முடியாது என்பீர்கள். உண்மைதான். பாதைகளுக்கு இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் போட்டிருக்கிறார்கள். ஒன்று சக்கர நாற்காலியே போகக்கூடியது, ஐந்து பழகியவர்களுக்கு மட்டும். அறிவிப்பில் சாப்பாட்டுப் பட்டியலைப் போடுகிறீர்கள் அல்லவா? பாதையின் தரம், தூரம், படிகள் பற்றி அதற்கு மேலே இரண்டு வரி போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு பால்கனீஸ் என்ற பாறை முனைக்குப் போகும் பாதை இருக்கிறது. போய்வர இரண்டு கிலோமீட்டர், ஏற்றம் அதிகமில்லை.

இரண்டு நாள் பயணமாக வைத்தால் இன்னும் நல்லது. வடக்கே மவுண்ட் ஜீரோ பக்கம் குல்குர்ன் மஞ்சா என்ற குகை இருக்கிறது. இந்த மண்ணின் பழங்குடிகளான ஜார்ட்வாஜலி மக்களின் பிள்ளைகள் பதித்த கைத்தடங்களைப் பாறையில் பார்க்கலாம். ஜார்ட்வாஜலி, ஜாப் வுரங் மக்களுக்கு இந்த மலை காரிவெர்ட். 1836-இல் மிட்செல் என்ற நில அளவையாளர் வந்துதான் ஸ்காட்லாந்து மலையொன்றின் பெயரை இதற்கு வைத்தார். பேருந்துப் பாட்டுக்கு நடுவே இதையும் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். வழியில் அராரட் வரும்போது இன்னொன்றும் சொல்லலாம். விக்டோரியாவில் வந்திறங்கும் சீனர்களுக்குத் தலைக்குப் பத்து பவுண்டு வரி என்றதும், அவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே தங்க வயலுக்குப் போனார்கள். அப்படிப் போன ஒரு கூட்டம் 1857-இல் வழியில் தங்கம் கண்ட இடம்தான் அராரட். நாம் ஏசி பேருந்தில் வந்து நாலு கிலோமீட்டருக்கு முனகுகிறோம்!

காலமும் முக்கியம். பள்ளி விடுமுறை என்று ஜனவரியில் தேதி வைக்கிறீர்கள். அது தீக்காலம். 2024 டிசம்பரில் மின்னலில் பற்றிய தீ சுமார் 76,000 ஹெக்டேரை எரித்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹால்ஸ் கேப் மக்களையே வெளியேறச் சொன்னார்கள். செப்டம்பர் விடுமுறையில் வையுங்கள். காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். எந்த மாதமானாலும் கிளம்பும் முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று இந்தத் தேசியப் பூங்காவை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியா தளத்திலும், தீ அபாய அளவு என்ன என்று விக்எமர்ஜென்சி செயலியிலும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்று போட்டிருந்தால் யார் கோபித்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அதற்கும் மேலான கேட்டஸ்ட்ரோஃபிக் என்றால் பூங்காவையே மூடிவிடுவார்கள்.

மற்றபடி ஷூ, தொப்பி, தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பாம்புக்கடிக்குச் சுற்றும் அழுத்தக் கட்டுத்துணி. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் குழுவைப் பிரிய விடாதீர்கள். பாதை முகப்பில் ஷூவைத் தேய்க்கும் பிரஷ் வைத்திருந்தால் தாண்டிப் போகாமல் தேய்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மண்ணோடு ஒட்டிவரும் ஒரு வேர்நோய் இங்கே புல்மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. பிரியாணியில் மிஞ்சியதைக் கங்காருவுக்குப் போட வேண்டாம்.

அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசுங்கள். முன்னால் நடந்து வழிகாட்ட, பாதை பழகிய இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடைசி ஆளாக, மெதுவாக ஏறுகிறவர்களோடு நடந்து வர ஒருவர் வேண்டுமே, அந்த வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேருந்தில் வந்த ஒருவன்