பாலுக்குச் சீட்டு வருகிறது, பள்ளிக்கு ஏன் வரவில்லை?

கொங்கு மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். கணவருக்கு விசைத்தறிக் குடோனில் ஷிப்ட் வேலை. மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். பள்ளியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை என்பதுதான் நான் சொல்லப்போவது. அது அந்த ஒரு பள்ளியின் குற்றமும் இல்லை.

2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று சோதிக்கும் மாநில அடைவு ஆய்வு நடந்தது. அப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு. "வட்டத்துக்குள் கருப்பாக்குகிற பரீட்சை அம்மா" என்று வந்து சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. கோடை விடுமுறை முடிந்து, புதுப் புத்தகம் வந்து, ஊர் நோம்பியும் முடிந்தது. ஒரு கூட்டத்தில் நானாகத்தான் கேட்டேன். தலைமையாசிரியை சற்றுத் தயங்கிவிட்டுப் பீரோவைத் திறந்து அந்த ஆய்வின் முடிவுத் தாளை எடுத்துக் காட்டினார். கட்டம் கட்டமாகச் சதவீதங்கள், ஓரத்தில் என்னவென்று விளங்காத குறியீடுகள். அவர் விரலை வைத்து வைத்து விளக்கிய பிறகுதான் புரிந்தது: பிள்ளைகள் பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள், அதிலிருந்து கேள்வி கேட்டால் திணறுகிறார்கள், பின்னக் கணக்கு பாதிப் பேருக்கு வரவில்லை.

அன்று இரவு மகளைச் சோதித்துப் பார்த்தேன். அரை லிட்டரும் கால் லிட்டரும் சேர்ந்தால் எவ்வளவு என்றால் யோசிக்காமல் முக்கால் என்கிறாள். தினமும் பால் அளப்பதைப் பார்க்கிறவள் ஆயிற்றே. அதையே நோட்டில் 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுத்தேன். 2/6 என்று விடை போட்டாள். அந்தத் தாள் பல மாதங்களுக்கு முன்பே என் கைக்கு வந்திருந்தால், பால் அளக்கிற படியை வைத்தே நான் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலைமையாசிரியை மறைக்காமல் சொன்னார். "வெளியே தெரிந்தால் ஜூன் மாதம் தனியார் பள்ளி மஞ்சள் வேன் ஊருக்குள் இன்னொரு நடை வரும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போய்விடும்." அவர் பயத்தில் நியாயம் உண்டு. தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. இரண்டே பேர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்கிற பள்ளிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்களைப் பற்றிய அவர் கணிப்பு தவறு. காலையில் பால் சொசைட்டிக்குப் போனால், ஒரு சிறு கிண்ணத்துப் பாலை எந்திரத்தில் வைத்து, கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எப். (கொழுப்பு போக மீதிச் சத்து) இவ்வளவு என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். சென்ற பங்குனியில் என் சிவப்பு மாட்டுக்கு எஸ்.என்.எப். எட்டுக்குக் கீழே போய்விட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டை விற்றுவிட்டு வேறு மாடு வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. "வெறும் சோளத்தட்டு போட்டால் இப்படித்தான். தாது உப்பு வை, பருத்திக்கொட்டை சேர், பச்சைத் தீவனம் கொஞ்சம் போடு" என்றார் சொசைட்டிக்காரர். சீட்டும் யோசனையும் ஒன்றாக வந்தன. மூன்று வாரத்தில் எண் ஏறியது.

பள்ளியைப் பற்றி எங்களுக்கு வருவதெல்லாம் வேறு வகை. மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், தேர்ச்சியில் எந்த மாவட்டம் முதலிடம், எது பின்தங்கியது என்று செய்தித்தாளில் பட்டியல் வரும். மத்திய அரசு 2024 டிசம்பரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு நடத்திய ஆய்வு சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து நடந்தது. அதில் மாநிலத்தின் நிலை தெரியும், மாவட்டத்தின் நிலை தெரியும், என் மகள் பள்ளியின் நிலை தெரியாது. பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் அரசே நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனாலும் நாமக்கல் சாலையில் போனால் இன்றும் பிள்ளைகளின் முகங்களும் மதிப்பெண்களும் தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் நிற்கின்றன. அரசுப் பள்ளி வாய் திறக்காத இடத்தில் அந்தப் பலகைதான் பேசுகிறது. நூறு சதவீதம் என்று போட்டிருக்கும் சில இடங்களில், தேறமாட்டான் என்று தோன்றிய பையனுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கிழித்துவிடுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு தரவரிசையை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றை ஆசிரியர்கள் பெற்றோரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிறது. 22ஆவது பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை மேலாண்மைக் குழுவுக்குக் கொடுக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சரி, நாங்கள் தயாரித்த திட்டத்தில் என்ன இருந்தது? சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி. எல்லாம் வேண்டியவைதான். பின்னக் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. பீரோவுக்குள் இருந்ததை நாங்கள் எப்படித் திட்டத்தில் எழுத முடியும்?

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்க அறிக்கை போதும். குறியீடு வேண்டாம். "ஐந்தாம் வகுப்பில் இத்தனை பேர், அதில் இத்தனை பேருக்கு வகுத்தல் வரும்" என்று தமிழில் எழுதுங்கள். கீழே, அதைச் சரிசெய்ய எந்த ஆசிரியர் எந்த நேரத்தில் என்ன செய்கிறார், மறுபடி எப்போது சோதிப்பீர்கள் என்று எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் இருக்கக் கூடாது. பிள்ளையைப் பற்றிய பேச்சு தாய் தகப்பனோடு தனியாக நடக்கட்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதையும் மறைக்காமல் போடுங்கள், அது உங்கள் பக்கத்துக் கணக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்கள் பக்கத்து ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்குக் கணக்கு வாசிக்கும் இடத்தில் இந்தப் பக்கத்தையும் வாசிக்கலாம்.

கடைசியாகக் கூட்ட நேரம். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுகிறார்கள். அந்த நேரத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். வருவது நாலைந்து பேர், மற்றவர்களின் கையெழுத்துக்குத் தீர்மான நோட்டு வீடு வீடாகப் போகிறது. நானும் ஒருமுறை வாசலில் நின்றபடி, சாணிக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை சம்பள நாள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டுங்கள். பாலை ஊற்றிவிட்டு நான் வந்துவிடுவேன், கணவரையும் அழைத்து வருகிறேன். அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்