மவுஸ் விலையைச் சொன்னீர்கள், கையைச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு தங்கள் இளைஞர் பக்கத்தில், கன்சோல் என்கிற டிவி விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியை, அதாவது கண்ட்ரோலரை, வைத்துவிட்டு மவுஸும் கீபோர்டும் பிடித்துத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் ஆடுவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இளைஞர் பக்கம் எனக்காகப் போடுவது இல்லை என்று தெரியும். எனக்கு வயது 48. கோத்தகிரியில் 18 வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். இப்போது அதே அறையில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ். ஆனால் அந்தக் கட்டுரை சொல்லும் மாற்றத்தை என் கையால் செய்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கட்டுரையில் பாதி இடத்தை மவுஸ் விலை எடுத்துக்கொண்டது. எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று போகிறது. மீதியில், ஒரு வாரம் ஆடினால் கை பழகிவிடும் என்று ஒரே ஒரு வரி. எனக்கு நாலு மாதம் ஆனது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-இல், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்தான அந்த வருடம், மகனோடு வீட்டில் அடைந்து கிடந்தபோது பிளேஸ்டேஷன் 4 ஆட ஆரம்பித்தேன். துபாயிலிருந்து என் தம்பி மருமகனுக்காகக் கொண்டுவந்தது. முதலில் அவன் தனியாக என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் அவன் தூங்கிய பிறகும் நான் ஆடிக்கொண்டிருந்தேன். 2022-இல் அவன் கோவைக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனபோது கன்சோலும் கூடவே ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. எனக்கு மிச்சம் டைப்பிங் கம்ப்யூட்டர் ஒன்றுதான். "அம்மா, நாங்க எல்லாரும் வேலரண்ட் ஆடுறோம், நீயும் வா" என்று போனில் கூப்பிட்டான். 2020 ஜூனில் வெளியான அந்த விளையாட்டு கம்ப்யூட்டரில் கண்ட்ரோலரை ஏற்றுக்கொள்வதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய பெட்டியிலும் அது ஓடும் என்பதால் வேறு சாக்கும் சொல்ல முடியவில்லை.

சரி, கீபோர்டு நமக்குத் தெரியாததா என்று உட்கார்ந்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தட்டச்சு படித்த வாசகர்களுக்கு முதல் பாடம் நினைவிருக்கும். இடது கையின் நாலு விரல்கள் ய, ள, ன, க மீது உட்கார வேண்டும். ஆங்கிலத்தில் அதே இடம் ஏ, எஸ், டி, எஃப். ஆட்காட்டி விரல் க-வை விட்டு எங்கே போனாலும் திரும்பிவந்து அங்கேயே உட்காரும். அந்த விசையில் சின்னதாக ஒரு மேடு வைத்திருப்பதே, கீழே பார்க்காமல் விரல் வீடு திரும்பத்தான். விளையாட்டோ முன்னே, இடம், பின்னே, வலம் நடக்க டபிள்யூ, ஏ, எஸ், டி என்று கேட்கிறது. எங்கள் கணக்கில் ற, ய, ள, ன. அதாவது ஆட்காட்டி விரல் க-விலிருந்து ன-வுக்குக் குடிபெயர வேண்டும். நகர மாட்டேன் என்றது. வலப்பக்கம் ஒதுங்கலாம் என்று நினைத்தால் விரல் பழக்கத்தில் எஃப்-ஐத் தட்டும். அது எதையாவது எடுக்கவோ திறக்கவோ வைத்திருக்கும் விசை. நட்டநடு வீதியில் நின்று இல்லாத கதவைத் திறந்துகொண்டிருப்பேன், எதிரி சுட்டுவிட்டுப் போவான்.

மூன்று வாரம் விரலோடு சண்டை போட்டுவிட்டு, விசைகளை மாற்றினேன். முன்னே போக ஈ, பின்னே டி, இடம் எஸ், வலம் எஃப். ந, ன, ள, க என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டு விரலுக்கு ஏ மீது ஓசையில்லாமல் நடக்கும் வேலை. மேடு பழையபடி ஆட்காட்டி விரலுக்கு அடியில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கீழே பார்க்காமல் ஓடினேன்.

கட்டுரையாளர் டபிள்யூ-ஏ-எஸ்-டி என்பதை இலக்கணம் போல எழுதியிருந்தார். அதற்கு அப்படியொரு புனிதம் கிடையாது. 1993-இல் டூம் என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தபோது அம்புக்குறி விசைகளால்தான் நடந்தார்கள். மவுஸால் பார்வையைத் திருப்பும் பழக்கம் 1996-இல் குவேக் என்ற விளையாட்டு வந்த பிறகு பரவியது. த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் 1997-இல் குவேக் போட்டியில் வென்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் சிவப்பு ஃபெராரி காரையே பரிசாக வாங்கிக்கொண்டு போனார். அவர் கை டபிள்யூ-ஏ-எஸ்-டி மீது இருந்தது, மற்றவர்களும் அங்கேயே கையை வைத்தார்கள். அடுத்த வருடம் வந்த ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டு அதையே இயல்பு அமைப்பாகக் கொடுத்தது. ஒருவர் கை வசதிக்கு அமைந்தது, அவ்வளவுதான். என் கை வசதி எனக்கு.

விரல் இடத்துக்கு வந்த பிறகும் இன்னொரு வில்லங்கம் இருந்தது. தட்டச்சில் விசையைத் தட்ட வேண்டும், உடனே எடுக்க வேண்டும். இரண்டை ஒன்றாக அழுத்தினால் மெஷினில் அச்சுக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்கும். எத்தனை பிள்ளைகளின் விரலில் ஸ்கேலால் தட்டியிருப்பேன்! இப்போது அழுத்தியே பிடித்திரு, ஒன்றைப் பிடித்துக்கொண்டே இரண்டாவதை அழுத்து, மூன்றாவதையும் அழுத்து என்கிறது விளையாட்டு. என் ஆள் ஓட மாட்டாள், விக்கி விக்கி நடப்பாள். குறுக்காக ஓடிக்கொண்டே இன்னொரு விசையை அழுத்தினால் சில சமயம் அந்த விசை வேலையே செய்யாது. என் தப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். கடைசியில் பார்த்தால் கீபோர்டு. மலிவான ரப்பர் கீபோர்டுகளில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதைக் கணக்கில் எடுக்காது. வருடக்கணக்கில் அதே கீபோர்டில் பத்திரமும் மனுவும் அடித்திருக்கிறேன், ஒருநாளும் தெரியவில்லை. டைப் அடிக்கும்போது ஷிப்ட்டைத் தவிர ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதானே? ஆகவே காசு போட வேண்டும் என்றால் இங்கே போடுங்கள் என்பேன். மவுஸ் விலைக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் பழைய வித்தை கைகொடுத்தது. இந்த விளையாட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். விசையை விட்டு, நின்று, சுட வேண்டும். இடது விரல் எடுப்பதும் வலது விரல் தட்டுவதும் தாளம் தப்பாமல் வர வேண்டும். பாட்டுப் போட்டு அதன் தாளத்துக்கு டைப் அடிக்கவைக்கும் இன்ஸ்டிடியூட்டில் படித்தவள் நான். அது இரண்டே நாளில் வந்துவிட்டது.

இனி மவுஸ். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்த்துப் பார்வையைத் திருப்பும் குச்சிக்கும் மவுஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டுரை 'துல்லியம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. நான் புரிந்துகொண்டது இப்படி. குச்சியைச் சாய்ப்பது குழாயைத் திறந்து குடம் நிரப்புகிற மாதிரி. எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு வேகம், சரியான நேரத்தில் மூடவில்லை என்றால் வழிந்துவிடும். மவுஸ் உழக்கில் அளந்து ஊற்றுவது. கை எவ்வளவு தூரம் போகிறதோ பார்வையும் அவ்வளவே திரும்பும், கை நின்றால் நின்றுவிடும். குச்சி பழகிய கைக்கு மூடும் நேரம்தான் தெரியும், அளவு தெரியாது. அதனால் எதிரியைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போவேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். கன்சோலில் நான் சுட்டதில் பாதி நான் சுட்டதில்லை! குறி எதிரியின் மேல் வந்ததும் திரும்பும் வேகம் தானாகக் குறையும், அவன் நகர்ந்தால் குறியும் கொஞ்சம் கூடவே இழுபடும். 'எய்ம் அசிஸ்ட்' என்கிறார்கள். கட்டுரையாளர் இதை ஏமாற்று வேலை என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டைவிரல் நகரும் இடம் ஓர் அங்குலம்கூட இல்லை, அதற்குள் 360 டிகிரியையும் அடக்க வேண்டும் என்றால் உதவி இல்லாமல் முடியாது. 2001-இல் ஹேலோ என்ற விளையாட்டு கன்சோலில் அவ்வளவு நன்றாக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இப்படியொரு கை இதுவரை நம் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லாமல் ஒருவரை மவுஸுக்கு அனுப்புவது சரியில்லை. அந்த முதல் மாதம், எனக்குக் கண் பார்வை போய்விட்டதோ என்று குன்னூருக்குப் போய்க் கண்ணாடிப் பவர்கூடச் சோதித்துவந்தேன்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பதுதான் டிபிஐ. அந்த எண்ணிக்கைக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று விளையாட்டுக்குள் வைப்பது சென்சிடிவிட்டி. என்னுடையதில் டிபிஐ 1600 இருந்தது, சென்சிடிவிட்டி 1. வேலரண்ட் கணக்கில் இது முழுச் சுற்றுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர். நாலு விரற்கடை! தும்மினால் பின்பக்கம் பார்த்து நிற்பேன். மகன் சொல்லித் தந்தபடி டிபிஐ 800, சென்சிடிவிட்டி 0.4 என்று குறைத்தேன். இப்போது முழுச் சுற்றுக்கு 41 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழம். பின்னால் திரும்ப அரை முழம். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு ஆட முடியாது, பூக்காரம்மா முழம் போடுவது மாதிரி முழங்கையிலிருந்து கை போக வேண்டும். முதல் வாரம் தோள்பட்டை வலித்தது, இரண்டாவது வாரம் போய்விட்டது. இந்த எண்கள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும் என்பதால் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கேலை மேசையில் வைத்து, ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். வேறு விளையாட்டுக்குப் போனாலும் அந்த அளவு உதவும்.

முழம் கணக்கு என்றால் மேசையில் இடம் வேண்டும். டைப்ரைட்டருக்கு அடியில் சத்தம் கேட்காமல் இருக்கப் போடும் கெட்டித் துணி நாலைந்து சும்மா கிடந்தன. அதில் ஒன்றைத்தான் விரித்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது, கோத்தகிரி மழையைத் தவிர. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து துணி ஈரம் ஏறிவிடும். மவுஸ் சேற்றில் இழுத்த மாதிரி நகரும், நேற்றைய அரை முழம் இன்று போதாது. ஆடுவதற்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியை ஒரு தடவை மேலே ஓட்டிவிடுகிறேன்.

குளிர் வேறு. இதைச் சமவெளியில் இருப்பவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கண்ட்ரோலரைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டே ஆடலாம். தலை மட்டும் வெளியே இருந்தால் போதும். மவுஸில் வலது கை மார்கழிக் குளிரில் வெறும் மேசைமேல் கிடக்க வேண்டும். ஊட்டி திபெத்தியர் கடையில் வாங்கிய கம்பளிக் கையுறையில் விரல் நுனிகளை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்கிறேன். கம்பளி துணியோடு உரசிப் பிடிக்கிறது என்பதால் உள்ளங்கை ஓரத்தையும் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று. இப்போது அது கையுறை என்று சொல்லும் நிலையில் இல்லை.

மவுஸ் விலை பற்றி ஒன்று. என்னுடையது 900 ரூபாய், ஒயர் வைத்தது. ஆபீஸ் மவுஸ்களில் பெரும்பாலானவை விநாடிக்கு 125 தடவைதான் தன் இடத்தைச் சொல்லும், விளையாட்டு மவுஸ் 1000 தடவை சொல்லும். 8 மில்லி விநாடிக்கும் 1 மில்லி விநாடிக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் வீட்டு இன்டர்நெட் மும்பைக்குப் போய்வரவே 50 மில்லி விநாடி எடுக்கிறது, காற்றடித்தால் இன்னும் கூடும். பன்னிரண்டாயிரம் ரூபாய் மவுஸ் அதில் எதை மிச்சம் பிடித்துத் தரும் என்று எனக்கு விளங்கவில்லை.

கார் பந்தயம், கால்பந்து எல்லாம் இன்றும் கண்ட்ரோலர்தான், மகன் லீவுக்கு வரும்போது. குச்சியைக் கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் திரும்பும், விசைக்கு அந்தக் 'கொஞ்சம்' தெரியாது. ஆகவே யாரும் கண்ட்ரோலரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் விலைப்பட்டியலைக் குறைத்துக்கொண்டு, டிபிஐ என்றால் என்ன, எப்படி அளப்பது, விசைகளை எப்படி மாற்றுவது என்று தமிழில் நாலு பத்தி போடுங்கள். எனக்கு இதெல்லாம் சொல்லித்தர மகன் இருந்தான்.

அவன் தீபாவளிக்கு வந்திருந்தபோது என் மேசையில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினான். முதல் ரவுண்டு முழுக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றான். "அம்மா, கீபோர்டை என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றான். க-வில் விரலை வைக்கச் சொன்னேன். க எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

இப்படிக்கு,
தட்டச்சு ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.