முசோர்க்ஸ்கியைத் திருத்தியது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையமைப்பாளர் மாதெஸ்ட் முசோர்க்ஸ்கியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சந்தோஷத்தில், சைக்கோவ்ஸ்கி அல்லாத ஒரு ரஷ்யருக்கும் நம் பத்திரிகையில் இடம் கிடைத்ததே என்று. இரண்டாம் முறை, நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். இல்லை, அப்படியேதான் அச்சாகியிருக்கிறது. முறையாக இசை படிக்காத குடிகாரரான அவர் அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்திக் கொடுத்திராவிட்டால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காதாம்.

உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் நாற்பது வயசுக்கு மேல் பியானோ சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளுகிற எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முறையாகப் படிக்காதவர் என்கிறார் கட்டுரையாளர். சரி. பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி திறந்ததே 1862-ல்தான். அப்போது முசோர்க்ஸ்கிக்கு வயது 23. அதற்கு முன்பே அம்மாவிடம் பியானோ படித்து, பிறகு அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில் அன்டன் கெர்கே என்ற பெரிய வாத்தியாரிடமும் படித்தவர். அவர் கூட்டாளி இசையமைப்பாளர்கள் மட்டும் என்ன பட்டமா வைத்திருந்தார்கள்? போரோடின் வேதியியல் பேராசிரியர், குயி கோட்டை கட்டும் ராணுவப் பொறியாளர், நம் ரிம்ஸ்கி-கோர்சகோவ் கப்பற்படை அதிகாரி. 1871-ல் அதே கன்சர்வேட்டரியில் அவரைப் பேராசிரியராக உட்கார வைத்தபோது, ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட் என்ற இசை இலக்கணப் பாடங்கள் சரியாகத் தெரியாமல், மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் தானே ராத்திரியில் படித்துக்கொண்டு போனதாகத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஒளிவுமறைவில்லாத மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கட்டுரையில் அவர் வாத்தியார், இவர் மக்கு மாணவன்!

அதே 1871-லிருந்து கொஞ்ச காலம் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒரே ஒரு பியானோ. காலையில் முசோர்க்ஸ்கி உட்காருவார். மதியம் ஆனதும் அவர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார், பியானோ மற்றவருக்கு. இப்படி முறை வைத்துக்கொண்டு முசோர்க்ஸ்கி 'போரிஸ் கொதுனோவ்' என்ற ஆபெராவையும் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ரிம்ஸ்கி 'பிஸ்கோவ் பெண்' ஆபெராவையும் எழுதினார்கள். ஆபீஸ் என்றால் அரசாங்க குமாஸ்தா உத்தியோகம். 1861-ல் பண்ணையடிமைகளை விடுவித்ததும் குடும்பத்து நில வருமானம் படுத்துவிட்டது, அதனால் முசோர்க்ஸ்கி 1863-ல் வேலைக்குப் போனார். வனத்துறையிலும் ஃபைல் தள்ளியவர். கோப்புக்கும் கோப்புக்கும் நடுவில் ஒரு ஆபெரா எழுதியவரை வேலையில் நிலைக்காதவர் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

இப்போது அந்த 'திருத்தம்' விஷயத்துக்கு வருகிறேன். 'போரிஸ்' முதல் வடிவம் 1869-ல் முடிந்தது. கதாநாயகிக்கு வேடமில்லை என்று அரசு நாடகக் குழு திருப்பி அனுப்பியது. அவரும் முறைத்துக்கொண்டு போகாமல், போலந்துப் பிரபுவின் மகளைச் சேர்த்து, காட்சிகளை மாற்றி, இரண்டாம் வடிவத்தை 1872-ல் முடித்தார். 1874-ல் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி அரங்கில் அரங்கேறியது. அந்த வடிவத்தில் ஜார் போரிஸ் செத்த பிறகும் ஆபெரா முடியாது. குரோமி காட்டில் கலகக் கூட்டம் கத்திவிட்டுப் போன பிறகு, ஒரு பித்தன், கிழிந்த துணியோடு தனியாக உட்கார்ந்து, ரஷ்ய ஜனங்களே, பசித்த ஜனங்களே, அழுங்கள் என்று முனகுவான். அதோடு திரை. ரிம்ஸ்கி தான் திருத்திய 1896 பதிப்பில் என்ன செய்தார்? கடைசி இரண்டு காட்சிகளையும் இடம் மாற்றிவிட்டார். இப்போது கடைசியில் சாவது ராஜா, கிரீடமும் மணியோசையுமாக. அரங்குக்கு அதுதான் எடுப்பு, மறுக்கவில்லை. ஆனால் கடைசி வார்த்தையைப் பித்தனிடமிருந்து பிடுங்கி ராஜாவிடம் கொடுப்பதற்குப் பெயர் இலக்கணப் பிழை திருத்துவதா?

'போரிஸ்' முடிசூட்டுக் காட்சியின் மணியோசையையும் கட்டுரையாளர் 'கரடுமுரடு' என்கிறார். வீட்டில் பியானோ இருந்தால் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். ஏ-ஃப்ளாட் செவன்த், டி செவன்த். இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுவரக் கூட்டங்கள்), மாறி மாறி. இரண்டுக்கும் நடுவே இரண்டு சுவரங்கள் பொது, அவை அசையாமல் நிற்கும், மற்றவை மட்டும் நகரும். பெரிய கோயில் மணி ஆடும்போது அடிநாதம் நிற்க மேலே ஓசை மாறுகிறதே, அதேதான். யாரும் கற்றுக்கொடுக்காமல் இதைக் கண்டுபிடித்தவருக்கு நாம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மார்க் என்றதும் நினைவு வருகிறது. சில வருஷம் முன்பு என் மாணவி ஒரு போட்டியில் முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் படங்கள்' என்ற பியானோத் தொகுப்பிலிருந்து மாட்டுவண்டிப் பகுதியை, 'பிட்வோ', வாசித்தாள். முசோர்க்ஸ்கி கைப்பிரதியில் அது ஆரம்பத்திலேயே ஃபோர்டிசிமோ, அதாவது மிகச் சத்தமாக, வண்டி நம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிற மாதிரி. 1886-ல் ரிம்ஸ்கி பதிப்பு வந்தபோதுதான் அது தூரத்திலிருந்து மெல்ல வருகிற வண்டியாக மாறியது. 1922-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும்போது கையில் வைத்திருந்தது அந்தப் பதிப்பைத்தான், ஆகவே அங்கேயும் ட்யூபா என்ற பெரிய ஊதுகுழல் சத்தமில்லாமல் மெல்லவே தொடங்கும். என் மாணவி சத்தமாகத் தொடங்கினாள். நடுவர் தாளில் 'ஒலியில் கட்டுப்பாடில்லை' என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டார். நான் மூலத்தின் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ராவெல் ரெக்கார்டு ஒருதடவை கேட்டுப் பாருங்கம்மா" என்றார். அந்தக் குழந்தை அப்புறம் அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. உங்கள் கட்டுரை மாதிரிக் கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவராகத்தான் அவரும் இருக்க வேண்டும்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் எழுதிய 'மொட்டைமலையில் ஓரிரவு' கதையும் இதேதான். 1867 ஜூனில் முடித்தார், அந்தக் கூட்டாளிகளின் தலைவர் பாலகிரெவுக்குப் பிடிக்கவில்லை, முசோர்க்ஸ்கி உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட மேடையேறவில்லை. உலகம் கேட்டது 1886-ல் ரிம்ஸ்கி செய்த புது வடிவத்தை. முசோர்க்ஸ்கி எழுதிய மூல இசைப்பிரதி அச்சானதே 1968-ல்! நூறு வருஷம் ஒரு மனிதரின் குரலை அடைத்து வைத்துவிட்டு, நண்பர் இல்லாவிட்டால் அவர் ஊமை என்கிறோம். ரிம்ஸ்கியாவது பைசா வாங்காமல், செத்துப்போன சிநேகிதனுக்காக உழைத்தார். என் பதிப்பால் மூலம் அழிந்துவிடவில்லை, வேண்டுமென்றால் நாளை அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்ற தொனியில் எழுதியும் வைத்தார். அவருக்கிருந்த அடக்கம் அவர் ரசிகர்களுக்கு இல்லை.

குடித்தார், மறுக்கவில்லை. அதனால்தான் 42 வயதில் போனார். ஆனால் உங்கள் பக்கத்தில் ரஷ்யர் என்றாலே வியாதிதானா? சைக்கோவ்ஸ்கிக்கு இரண்டு பத்தி காலரா. ராக்மனினோவுக்கு முதல் சிம்ஃபனி தோற்றது, மனம் உடைந்தது, மனோவைத்தியர் டாலிடம் போனது, அவ்வளவுதான், அந்த விரல்கள் எழுதியதைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து ஸ்க்ரியாபின் வந்தால் அவர் உயிரைக் குடித்த உதட்டுப் புண்ணில் தொடங்கி உதட்டுப் புண்ணிலேயே முடித்துவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. இதைப் பற்றிப் போன வருஷமே ஒரு கடிதம் எழுதினேன். நீங்களும் அதைத் 'திருத்தி' வெளியிட்டீர்கள்: 'மேற்கத்திய இசைப் பகுதி அருமை' என்ற என் முதல் வரி மட்டும் வந்தது, 'ஆனால்' தொடங்கிய இடத்தில் முற்றுப்புள்ளி. ரிம்ஸ்கி-கோர்சகோவே தோற்றார் போங்கள். ஒருகாலத்தில் இரண்டு பக்கம் வந்த பகுதி, இப்போது நகைக்கடை விளம்பரம் போக மிஞ்சுகிற இடம் என்றாகிவிட்டதால் இருக்கலாம், தங்கள் கஷ்டம் தங்களுக்கு.

பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. கட்டுரையோடு போட்டிருந்த படம், கலைந்த தலையும் சிவந்த மூக்குமாக இருக்கிறதே, அதன் கீழே 'மது அழித்த மேதை' என்று இருக்கிறது. அது இல்யா ரெப்பின் தீட்டிய ஓவியம். 1881 மார்ச்சில், ராணுவ மருத்துவமனையில், சாவதற்குச் சில நாள் முன்பு நண்பரை உட்கார வைத்துத் தீட்டியது, இப்போது மாஸ்கோ திரெத்யகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அடுத்த இதழில் ஓவியர் பெயரையாவது போடுங்கள். 'கேட்க வேண்டியவை' பெட்டியில் ராவெலையும் ரிம்ஸ்கியையும் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். பியானோக் கலைஞர் ரிக்டர் 1958-ல் சோஃபியாவில் வாசித்த 'கண்காட்சியில் படங்கள்' பதிவையும் சேருங்கள், சபையில் இருமல் சத்தம் கேட்கும், பரவாயில்லை. அப்பாடோ ஆர்கெஸ்ட்ராவை வைத்து நடத்திய மூல 'மொட்டைமலை'யும் கிடைக்கிறது.

அப்புறம், என் சந்தா பிரதி இப்போதும் பழைய வீட்டு முகவரிக்கே போகிறது. முகவரி மாறியதைத் தெரிவித்து எழுதிய கார்டு உங்கள் அலுவலகத்தில் எங்காவது இருக்கும், பார்த்து மாற்றிவிடவும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
நாகர்கோவில்