ஒரே பக்கத்தில் இரண்டு கடல்

இராமநாதபுரம் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் சேர்ந்து எழுதும் இணையக் கருவிகளை வகுப்பில் பயன்படுத்துங்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அங்கே படம்தான் காட்டினார்கள், யாரும் கை வைக்கவில்லை. பள்ளிக்கு வந்து நானே செய்து பார்த்தேன்.

கார்த்திகை மாதம். கூகுள் டாக்ஸில் வெறும் பக்கத்தைத் திறந்து, "இன்று கடல் எப்படி?" என்று மட்டும் தட்டி வைத்தேன். ஆறு கணினி, ஒன்றுக்கு நான்கு பேர். "ஒரே அலை, யாரும் தொழிலுக்குப் போகல" என்று ஒரு குழு எழுதியது. அடுத்த வரியிலேயே இன்னொரு குழு: "பொய். கடல் சும்மா கிடக்கு. எங்கப்பா விடியக்காலமே போயிட்டாரு." திரையிலும் சண்டை, வாயிலும் சண்டை. கடைசியில் ஒரு பெண் எழுதினாள்: "அவன் வடகடல். நான் தென்கடல்."

வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், வடக்கே இருக்கும் பாக் விரிகுடா கொந்தளிக்கும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா தணிந்து கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ். பருவக்காற்றுப் பாடத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நாள் யாரோ மொத்தப் பக்கத்தையும் அழித்துவிட்டார்கள். வகுப்பே அலறியது. பதிப்பு வரலாற்றுக்குள் போய், பத்து நிமிடம் முந்தைய பக்கத்தை மீட்டேன். எல்லாரும் என் கணக்கிலேயே நுழைந்திருந்ததால் அழித்தது யார் என்று அது காட்டவில்லை. (எனக்குத் தெரியும். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவன்தான்.)

அதனால்தான் கேட்கிறேன், பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாக ஆளுக்கொரு கூகுள் கணக்கு வேண்டும். 13 வயது நிறையாதவர்கள் சொந்தமாகக் கூகுள் கணக்குத் தொடங்க முடியாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அந்தச் சம்மதக் கடிதத்தைத் துறையே எளிய தமிழில் அச்சடித்துத் தந்தால் கையெழுத்து வாங்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஒரே நிறுவனத்தை நம்பியும் இருக்க முடியாது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டில் நான் படம் படமாகச் செய்து வைத்த பாடங்கள், 2024 டிசம்பர் 31ஆம் தேதி கூகுள் அதை மூடியதோடு பயனற்றுப் போயின. ஈதர்பேட் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆய்வகத்துக் கணினி ஒன்றில் நிறுவிவிட்டால், வெளி இணையம் அறுந்தாலும் உள் இணைப்பிலேயே எல்லாரும் ஒரே பக்கத்தில் எழுதலாம். மழைக்காலத்தில் எங்கள் ஊர் இணைப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

கடைசியாக, ஆய்வகத்தில் வாரம் இரண்டு பாடவேளை இதற்கென்று ஒதுக்கித் தாருங்கள். இதை வீட்டுப்பாடமாக மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை மட்டும் வேண்டாம். இங்கே பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை