மன்னவனூரிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளை,

தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே பூண்டு விலை பரவாயில்லை. பனிதான் ஓயவில்லை.

மாடு எங்கே நிற்கிறது என்று காட்டும் கழுத்துப்பட்டை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். முதலில் செய்தது நாலே நாளில் படுத்துவிட்டது. இடம் பார்த்ததும் ஜிபிஎஸ்ஸுக்குப் போகும் மின்சாரத்தை முழுசாக நிறுத்தினேன், மிச்சம் என்று நினைத்து. அதுதான் தப்பு. நினைவில் வைத்திருந்த செயற்கைக்கோள் பாதை விவரமும் கூடவே அழிந்தது. செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்பும். அந்த விவரத்தை மறுபடி வாங்க வெட்டவெளியிலேயே 30 நொடி வரை ஆகும். சோலைக்குள் மாடு நின்றால் பாதியில் அறுந்துபோகும், விட்ட பகுதி திரும்ப வரும்வரை விழித்திருக்க வேண்டும். பேட்டரி அதிலேயே தீர்ந்தது. இப்போது நினைவகத்துக்கு மட்டும் துளி மின்சாரம் விட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் எழுப்பினால் ஓரிரு நொடியில் இடம் கிடைத்துவிடுகிறது.

அப்புறம், டவர் வேலையில் இருந்தபோது நீ சொன்னாயே, சும்மா இருக்கும் செல்போன் ஒவ்வொரு டவருக்கும் தகவல் சொல்லாது, ஒரு வட்டாரத்தைத் தாண்டினால்தான் சொல்லும் என்று. அதையே மாட்டுக்கும் வைத்தேன். தொழுவத்தில் ஒரு ப்ளூடூத் கருவி. அதன் சிக்னல் பட்டைக்குக் கிடைத்தால் ஜிபிஎஸ் எழாது. வெளியே போனாலும் அசைவு தெரிந்தால்தான் எழும்.

இதில் செவலை என்னை ஒரு வாரம் அலையவிட்டாள். புல்வெளியில் படுத்துக் கிடக்கிறாள், பட்டையோ நடக்கிறாள் என்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அசைபோடுகிறாள்! கண்ணை மூடிக்கொண்டு, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு மெல்லு. ஒவ்வொரு மெல்லுக்கும் பட்டை தாடையில் இடித்து ஆடுகிறது. பட்டையை ஒரு துளை இறுக்கி, சின்ன ஆட்டத்தைத் தள்ளிவிடும்படி அளவை ஏற்றினேன். ஆறு வாரமாகச் சார்ஜ் போடவில்லை, மாப்பிள்ளை!

ஒரு சிக்கல் பாக்கி. கூக்கால் பக்கப் பள்ளத்தில் இறங்கினால் பட்டை இடத்தை அனுப்பும் லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ) சிக்னல் என் வீட்டுக் கூரைக்கு எட்டவில்லை. பதில் வராததால் பட்டை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது. மூன்று தடவையோடு நிறுத்தி, மேட்டுக்கு வந்ததும் சேர்த்து அனுப்பச் சொல்லலாமா? இல்லை, ஒரு தடவையே போதுமா? யோசித்து எழுது.

அன்புடன்,
உன் மச்சான்